கருவி காண்பதும் ஆய்வாளர் உய்த்துணர்வதும்: தலைமேல் நுண்ணோக்கி பற்றிய தமிழ் எழுத்தில் சொல்லும் பொருளும்

1. முன்னுரை

உயிருள்ள விலங்கு ஓடியும் உண்டும் பாடியும் திரிகையில் அதன் மூளையில் நிகழ்வனவற்றைத் தொடர்ந்து பதிவு செய்ய உதவும் சிறு கருவிகள் கடந்த கால் நூற்றாண்டில் உருவாகி வளர்ந்துள்ளன. விலங்கின் தலைமேல் பொருத்தப்படும் இக்கருவிகளுள் பல ஓரிரு கிராம் எடையே உடையவை. எனினும் இவற்றின் வாயிலாகப் பல நூறு நரம்பணுக்களின் நிலையை ஒரே நேரத்தில் அறிய இயலுகிறது. நினைவு, வழியறிதல், குரல்வழிக் கற்றல் முதலியன பற்றிய அண்மைக்கால ஆய்வுகள் பல இக்கருவிகளை அடிப்படையாகக் கொண்டு அமைந்தவை.

இவ்வாய்வுகள் பற்றிய செய்திகளைத் தமிழாக்கம் செய்யும்போது 'சுண்டெலியின் நினைவைக் கேமரா படம்பிடித்தது' என்பது போன்ற தொடர்கள் எளிதில் அமைந்துவிடக்கூடும். இலக்கண நோக்கில் இத்தொடரில் பிழை ஏதும் இல்லை. பொருள் நோக்கிலோ, கருவி கண்டதும் ஆய்வாளர் உய்த்துணர்ந்ததும் இதில் ஒன்றாகிவிடுகின்றன. நினைவாற்றல் குன்றும் நோய்க்கு ஆளான ஒருவரின் குடும்பத்தார் இதனைப் படித்தால், நினைவு என்பது இனிக் கண்ணால் காணத்தக்க பொருள் என்றும், காணத்தக்கதை மீட்கவும் இயலும் என்றும் கொள்ள நேரும். ஆகவே இச்சிக்கல் நடையழகு பற்றியதாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

கருவி இயங்கும் முறையையும், அது தரும் ஒளியிலிருந்து ஆய்வாளர் ஒரு முடிவுக்கு வரும் படிநிலைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. அப்படிநிலைகளைத் தமிழில் வேறுபடுத்திக் காட்டத்தக்க சொற்களையும் வினைமுடிபுகளையும் அதனையடுத்து ஆராய்கிறது.

2. கருவி தோன்றிய சூழல்

மூளையின் நரம்பணுக்கள் மின்துடிப்புகளின் வாயிலாகத் தம்முள் தொடர்பு கொள்கின்றன. மெல்லிய மின்முனைகளை மூளைக்குள் செலுத்தி இத்துடிப்புகளைப் பதிவு செய்யும் முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. எலி ஒன்று குறிப்பிட்ட ஓர் இடத்தை அடையும்போது மட்டும் மிகுதியாகத் துடிக்கும் நரம்பணுக்கள் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப் பகுதியில் இருப்பதை ஜான் ஓ'கீஃப், ஜோனதன் டோஸ்ட்ரோவ்ஸ்கி ஆகியோர் 1971இல் வெளியிட்டனர். இம்முடிவு மின்முனை வழியாகவே பெறப்பட்டது. 'இட நரம்பணு' என வழங்கும் இக்கண்டுபிடிப்புக்காக ஓ'கீஃப் 2014இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரானார்.

மின்முனை துடிப்பின் காலத்தை மிகத் துல்லியமாகக் காட்டும். ஆயின், துடித்த நரம்பணு எவ்வகையைச் சார்ந்தது, நேற்றுத் துடித்ததும் இன்று துடிப்பதும் ஒன்றுதானா என்பவற்றை அதனைக் கொண்டு உறுதி செய்வது கடினம். நுண்ணோக்கி இக்குறையை ஓரளவு நீக்குகிறது. அதில் ஒவ்வொரு நரம்பணுவும் தனக்குரிய இடத்துடனும் வடிவத்துடனும் தோன்றுகிறது. ஆனால் மேசைமேல் நிற்கும் பெரிய நுண்ணோக்கியின் கீழ் விலங்கின் தலையை அசையாமல் நிறுத்திவைக்க வேண்டும். வழி தேடுதல், துணை நாடுதல், குஞ்சுகளைப் பேணுதல் முதலிய செயல்களை அந்நிலையில் இயல்பாக ஆராய இயலாது. எனவே நுண்ணோக்கியையே சிறிதாக்கி விலங்கின் தலைமேல் ஏற்றும் முயற்சி தோன்றியது.

3. கருவியின் அமைப்பு

3.1 எடையும் எலியும்

ஹெல்ம்ஷென், ஃபீ, டாங்க், டெங்க் ஆகியோர் 2001இல் வெளியிட்ட கருவி இவ்வகை முயற்சிகளுள் முன்னோடியானது. அதன் நீளம் 7.5 செ.மீ.; எடை 25 கிராம். அது எலியின் தலையில் பொருத்தப்பட்டது. 2008இல் 1.1 கிராம் எடையுள்ள, ஒளியிழையால் இணைக்கப்பட்ட கருவி ஒன்று சுண்டெலிக்கென அமைக்கப்பட்டது. ஒளிமூலம், வடிகட்டி, வில்லை, படவுணரி ஆகிய அனைத்தையும் தன்னுள்ளே கொண்ட 1.9 கிராம் எடையுள்ள கருவியை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குணால் கோஷ், அப்பாஸ் எல் கமால், மார்க் ஷ்னிட்சர் முதலியோர் 2011இல் வெளியிட்டனர். சிறுமூளையில் 200க்கும் மேற்பட்ட பர்க்கின்ஜி நரம்பணுக்களை அவர்கள் அக்கருவியால் ஒரே நேரத்தில் நோக்கினர்.

இவ்வரலாற்றை மொழிபெயர்ப்போர் முதலில் எதிர்கொள்ளும் சொற்சிக்கல் 'எலி' என்பதாகும். ஆங்கிலத்தில் ரேட், மவுஸ் என இரு சொற்களால் குறிக்கப்படும் இரு விலங்குகளையும் தமிழில் 'எலி' என்ற பொதுச்சொல்லாலேயே குறிப்பது வழக்கம். முதிர்ந்த ஆய்வக எலி பல நூறு கிராம் எடையுடையது. சுண்டெலியோ 20 முதல் 30 கிராம் வரையே எடையுடையது. 2001ஆம் ஆண்டுக் கருவி ஏறத்தாழ ஒரு சுண்டெலியின் எடையை உடையது. எனவே 25 கிராமிலிருந்து 1.9 கிராமுக்கு இறங்கியதன் இன்றியமையாமை, இரு விலங்குகளையும் 'எலி' என்றே எழுதினால் படிப்பவர்க்கு விளங்காது. மரபணு மாற்றம் செய்யப்பட்ட ஆய்வக விலங்குகளுள் மிகுதியானவை சுண்டெலிகளே என்பதால், கருவி சுண்டெலிக்கு ஏற்றதாக அமைந்தது இத்துறையின் வளர்ச்சிக்கே காரணமாயிற்று. 'எலி', 'சுண்டெலி' என்னும் வழக்குச் சொற்களே இவ்வேறுபாட்டைக் காட்டப் போதுமானவை, புதுச்சொல் தேவையில்லை.

3.2 ஒளி செல்லும் வழி

கருவியின் உள்ளே நீலநிற ஒளியை உமிழும் சிறு எல்.இ.டி. ஒன்று உள்ளது. அவ்வொளி வடிகட்டி ஒன்றினூடே சென்று, நீலத்தைத் திருப்பிப் பச்சையைச் செல்லவிடும் ஆடியில் பட்டு, மூளையை நோக்கி இறங்குகிறது. மூளையில் ஒளிரும் புரதம் அந்நீல ஒளியை உட்கொண்டு பச்சை ஒளியை வெளியிடுகிறது. பச்சை ஒளி வந்த வழியே மேலேறி, ஆடியைக் கடந்து, மற்றொரு வடிகட்டியினூடே சென்று படவுணரியில் விழுகிறது. இப்படவுணரி கைப்பேசிகளின் கேமராவில் உள்ளதற்கு இனமானது. நொடிக்கு ஏறத்தாழ 20 அல்லது 30 படங்கள் மெல்லிய கம்பி ஒன்றின் வழியே கணிப்பொறியை அடைகின்றன.

மூளையின் மேற்பரப்புக்குக் கீழே ஆழத்தில் உள்ள பகுதிகளைக் காண, குச்சி போன்ற கண்ணாடி வில்லை ஒன்று மூளைக்குள் இறக்கப்படுகிறது. இவ்வில்லையின் பரப்பு வளைந்திராது. நடுவிலிருந்து ஓரம் வரை அதன் ஒளிவிலகல் எண் சிறிது சிறிதாக மாறுவதால் ஒளி குவிகிறது.

மேற்கூறியது ஒற்றை ஃபோட்டான் முறை எனப்படும். இதில் குவியத்திற்கு மேலும் கீழும் உள்ள இழையங்களும் ஒளிர்வதால் படத்தில் மங்கல் மிகும். இரட்டை ஃபோட்டான் முறையில், ஆற்றல் குறைந்த இரு ஃபோட்டான்கள் ஒருங்கே உட்கொள்ளப்படும் குவியப் புள்ளியில் மட்டுமே ஒளிர்வு தோன்றுவதால் படம் தெளிவு பெறுகிறது. பீக்கிங் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட இவ்வகைக் கருவியின் எடை 2.15 கிராம். நார்வே நாட்டு டிரான்ஹைம் நகர ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட கருவி 3 கிராமுக்கும் குறைந்த எடையுடன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நரம்பணுக்களைப் பதிவு செய்தது.

3.3 'அணிதல்' என்னும் வினை

இக்கருவியை ஆங்கிலச் செய்திகள் 'வியரபிள்' என்ற அடையால் குறிப்பதுண்டு. அதனைத் தமிழில் 'அணியக்கூடிய' என ஆக்குவது எளிது. ஆயின் தமிழில் அணிதல், உடுத்தல், சூடுதல், மாட்டுதல் ஆகிய வினைகளுக்கு எழுவாயாக வருபவர் அச்செயலைத் தாமே விரும்பிச் செய்பவர். தாம் விரும்பும்போது அதனைக் கழற்றவும் வல்லவர். தலைமேல் நுண்ணோக்கியின் நிலை வேறு. விலங்கை மயக்கத்தில் ஆழ்த்தி, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, ஒளிரும் புரதத்திற்கான மரபணுவைத் தாங்கிய நச்சுயிரியை உட்செலுத்துகின்றனர். வேண்டுமிடத்து வில்லையை இறக்குகின்றனர். பின்னர், பல் மருத்துவத்தில் பயன்படும் பசைக் காரையைக் கொண்டு மண்டையோட்டின்மேல் அடித்தகடு ஒன்றை நிலையாக ஒட்டுகின்றனர். நுண்ணோக்கி அவ்வடித்தகட்டின்மேல் பொருத்தப்படுகிறது. வில்லை இறங்கும் வழியில் உள்ள இழையத்திற்குச் சேதம் நேர்வதும் உண்டு.

'அணியும் கேமரா' என்னும் தொடர் இவை அனைத்தையும் மறைத்து, தொப்பி போன்ற ஒன்றை மனத்தில் தோற்றுவிக்கிறது. அறுவையின் தேவையை உணராதவர் இக்கருவியை மனிதர்க்கும் எளிதில் பயன்படுத்தலாம் என எண்ணவும் கூடும். 'தலையில் பொருத்தப்பட்ட நுண்ணோக்கி' என்பதில் செய்பவர் ஆய்வாளர் என்பதும், விலங்கு செயலுக்கு ஆட்படுவது என்பதும் செயப்பாட்டு வடிவத்தாலேயே தெளிவாகின்றன. சுருக்கம் வேண்டின் 'தலைமேல் நுண்ணோக்கி' எனலாம்.

4. ஒளிர்வது எது?

நரம்பணு தானே ஒளிர்வதில்லை. அதனுள் புகுத்தப்பட்ட புரதமே ஒளிர்கிறது. இப்புரதத்தின் வரலாறு ஜெல்லிமீன் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ஒசாமு ஷிமோமுராவும் அவருடன் பணியாற்றியோரும் 1962இல் வெளியிட்ட ஆய்வில் அந்த ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரதம் முதன்முதலாகக் குறிக்கப்பட்டது. ஷிமோமுரா, மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகிய மூவரும் இப்புரதம் பற்றிய ஆய்வுகளுக்காக 2008இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் நகாய், ஒகுரா, இமோட்டோ ஆகியோர் 2001இல் இப்பச்சைப் புரதத்தின் அமைப்பை மாற்றி, கால்சியத்தைப் பற்றும் கால்மோடுலின் என்னும் புரதத்தோடும் மற்றொரு சிறு புரதத்துண்டோடும் இணைத்து 'ஜிகேம்ப்' என்னும் காட்டியை உருவாக்கினர். கால்சியம் பற்றப்பட்டதும் இவ்விணைப்பின் வடிவம் மாறுகிறது. வடிவம் மாறியதும் பச்சை ஒளிர்வு மிகுகிறது. 2013இல் வெளியான இதன் ஆறாம் தலைமுறை வடிவங்கள் உலகெங்கும் பரவின.

நரம்பணு ஓய்வில் இருக்கையில் அதனுள் உள்ள கட்டற்ற கால்சியத்தின் செறிவு, வெளியில் உள்ளதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கே. மின்துடிப்பு எழும்போது கால்சியம் உள்ளே பாய்கிறது. எனவே ஒளிர்வின் மிகுதி கால்சிய மிகுதிக்கும், கால்சிய மிகுதி மின்துடிப்புக்கும் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றன.

இங்கு 'உடனொளிர்தல்' என்னும் கலைச்சொல்லின் தகுதி நோக்கத்தக்கது. தூண்டும் ஒளி நின்ற பின்னும் தொடர்வது நின்றொளிர்தல். தூண்டும் ஒளி விழும்போது மட்டும் நிகழ்வது உடனொளிர்தல். இச்சொல்லாட்சி, மூளையில் ஒளி தானே பிறப்பதில்லை என்பதையும், கருவியின் நீல ஒளிக்கு விடையாகவே பச்சை ஒளி எழுகிறது என்பதையும் உணர்த்துகிறது. 'நரம்பணுக்கள் மின்னுகின்றன' என எழுதும்போது இப்பொருள் இழக்கப்படுகிறது.

5. ஒளியிலிருந்து முடிவு வரை

மேற்கூறியவற்றிலிருந்து, கருவியின் பதிவுக்கும் ஆய்வின் முடிவுக்கும் இடையே நான்கு படிநிலைகள் இருப்பதைக் காணலாம்.

5.1 முதற்படி: ஒளிர்வு

கருவி நேரடியாக அளப்பது இதனை மட்டுமே. இங்கும் ஒரு சிக்கல் உண்டு. விலங்கு ஓடும்போது மண்டையோட்டினுள் மூளை சிறிதே அசைவதால் படம் நகர்கிறது. கணிப்பொறி நிரலைக் கொண்டு அந்நகர்வை நீக்கிய பின்னரே, ஒளிர்புள்ளிகளைத் தனித்தனி நரம்பணுக்களாகப் பிரிக்கின்றனர். ஆகவே 'இத்தனை நரம்பணுக்கள்' என்னும் எண்ணிக்கையும் கணிப்பின் பயனே.

5.2 இரண்டாம் படி: கால்சியம்

ஒளிர்வின் ஏற்றத்திலிருந்து கால்சியத்தின் ஏற்றம் உய்த்துணரப்படுகிறது. புரதம் எந்த அளவு உற்பத்தியாகியுள்ளது என்பது நரம்பணுவுக்கு நரம்பணு வேறுபடும். ஆதலால் ஒரு நரம்பணு மற்றொன்றைவிட மிகுதியாக ஒளிர்வதால் மட்டும் அதில் கால்சியம் மிகுதி எனக் கூற இயலாது. ஒவ்வொரு நரம்பணுவின் ஒளிர்வும் அதனதன் அடிநிலையோடு ஒப்பிடப்படுகிறது.

5.3 மூன்றாம் படி: மின்துடிப்பு

ஒரு மின்துடிப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. அது தூண்டிய ஒளிர்வு தணிய நூற்றுக்கணக்கான மில்லி நொடிகள் ஆகின்றன. நெருங்கி எழும் துடிப்புகள் ஒரே ஒளிர்வலையாகக் கலந்துவிடுகின்றன. நரம்பணு வேறொன்றால் அடக்கப்படும் நிலையும் இம்முறையில் தெளிவாகப் புலப்படுவதில்லை. ஆகவே ஒளிர்வு இல்லாமையைச் செயற்பாடு இல்லாமையாகக் கொள்ளுதல் தவறாகும். 'நரம்பணு செயற்படவில்லை' என்பதற்கும் 'நரம்பணுவில் ஒளிர்வு மாற்றம் காணப்படவில்லை' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர் பேண வேண்டும்.

இவ்விடத்தில் ஆங்கிலத்தின் 'ஃபயர்' என்னும் வினையும் கருதத்தக்கது. அதனை 'நரம்பணு சுடுகிறது' என ஆக்கின் தமிழில் பொருள் தராது. 'துடிக்கிறது' அல்லது 'மின்துடிப்பு எழுப்புகிறது' என்பது பொருந்தும்.

5.4 நான்காம் படி: நினைவு முதலிய செயல்கள்

மின்துடிப்புகளின் அமைவிலிருந்து நினைவு, இட அறிவு முதலியன பற்றிய முடிவுக்கு வருவது நான்காம் படி. இதற்கு ஒளிர்வு மட்டும் போதாது. விலங்கின் நடத்தையும் சான்றாக வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்காட்டாகக் கூறலாம். சுண்டெலிகளை இரு வேறு அறைகளில் 5 மணி நேர இடைவெளியில் உலவவிட்டபோது, இரு அறைகளிலும் செயற்பட்ட நரம்பணுக் குழுக்களில் பொதுவானவை மிகுந்திருந்தன. இடைவெளி 7 நாளாக இருந்தபோது அவை குறைந்தன. அணுக்கமான காலத்தில் கண்ட இரு அறைகளுள் ஒன்றில் மெல்லிய மின்னதிர்ச்சி பெற்ற சுண்டெலிகள், அதிர்ச்சி பெறாத மற்றோர் அறையிலும் அஞ்சி உறைந்து நின்றன. 'இரு நினைவுகள் பிணைந்தன' என்னும் முடிவுக்கு இந்நடத்தையும் வயது முதிர்ந்த சுண்டெலிகளோடு செய்த ஒப்பீடும் துணைநின்றன. நினைவை எவரும் படம்பிடிக்கவில்லை. அதற்கு இயைந்த ஒளிர்வையும் நடத்தையையும் பதிவு செய்தனர்.

6. 'அதே' என்னும் சொல்: பாடும் பறவைச் சான்று

மொழியியலாளர் கவனத்துக்குரிய ஆய்வுப் பகுதி பறவைப் பாட்டாகும். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட ஜீப்ரா ஃபிஞ்ச் என்னும் சிறு குருவியில் ஆண் மட்டுமே பாடும். இளங்குஞ்சு மூத்த ஆணின் பாட்டைக் கேட்டு மனத்திற் கொண்டு, மழலை போன்ற ஒலிகளில் தொடங்கி, ஏறத்தாழ மூன்று மாத அளவில் நிலையான பாட்டை அடைகிறது. அதன்பின் அப்பாட்டு வாழ்நாள் முழுதும் பெரிதும் மாறுவதில்லை. குழந்தையின் மொழிப் பேற்றோடு இது ஒப்புநோக்கப்படுவதற்குக் காரணம் இதுவே.

பாட்டுக்கு இன்றியமையாத மூளைப் பகுதி எச்.வி.சி. எனப்படுகிறது. இப்பெயரின் வரலாறு கலைச்சொல் ஆய்வாளர்க்கு நல்ல பாடம். நோட்டபோமும் பிறரும் 1976இல் இப்பகுதியை, ஹைப்பர்ஸ்டிரையேட்டம் என்னும் பகுதியின் பின்பாகம் எனக் கருதி அதற்குரிய இலத்தீன் தொடரின் சுருக்கமாகப் பெயரிட்டனர். அப்பகுதி அங்கு அமையவில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எழுத்துகளை மாற்றாமல் 'உயர் குரல் மையம்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரை அவற்றுக்கு விரிவாக ஏற்றினர். பறவை மூளைப் பெயர்களைச் சீரமைக்க 2002இல் டியூக் பல்கலைக்கழகத்தில் கூடிய அறிஞர் அவையின் முடிவுகள் 2004இல் வெளியாயின. அவற்றின்படி எச்.வி.சி. என்பது எதன் சுருக்கமும் ஆகாது, அதுவே இயற்பெயர். எனவே இதனை 'உயர் குரல் மையம்' எனத் தமிழாக்குவது கைவிடப்பட்ட ஒரு விளக்கத்தைப் புதுப்பிப்பதாகும். எழுத்துப்பெயர்ப்பே இங்குத் தக்கது.

இனி, பாட்டு மாறாதிருக்கும்போது அதனை இயக்கும் நரம்பணுக்களும் மாறாதிருக்கின்றனவா என்பது வினா. லிபெர்ட்டியும் பிறரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், தலைமேல் நுண்ணோக்கியைக் கொண்டு எச்.வி.சி.யின் தூண்டு நரம்பணுக்களைப் பல நாள் நோக்கினர். பாட்டு மாறாத நிலையிலும் தனித்தனி நரம்பணுக்களின் ஒளிர்வமைவு நாளடைவில் மாறியது என அறிவித்தனர். கேட்லோவிட்ஸ், பிகார்டோ, லாங் ஆகியோர் தலை அசையாது நிறுத்தப்பட்ட பறவைகளில் இரட்டை ஃபோட்டான் நுண்ணோக்கியைப் பயன்படுத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, இந்நரம்பணுக்களின் செயற்பாடு வாரக்கணக்கில் நிலைத்திருந்தது என்றது.

இவ்விரு முடிவுகளையும் தமிழில் கூறும்போது 'அதே' என்னும் சொல் தவிர்க்க இயலாதது. 'பறவை அதே பாட்டைப் பாடியது. ஆனால் அதே நரம்பணு ஒளிரவில்லை' என்னும் தொடரில் இச்சொல் இருமுறை வருகிறது. முதலிடத்தில் அது வகையின் ஒருமையைக் குறிக்கிறது. நேற்றைய பாட்டு முடிந்துவிட்டது. இன்றைய பாட்டு அதனை ஒத்த வேறொரு நிகழ்வு. இரண்டாமிடத்தில் அது பொருளின் ஒருமையைக் குறிக்கிறது. நேற்று இருந்த நரம்பணுவே இன்றும் இருக்கிறது.

இவ்விரண்டாவது ஒருமையும் நேரே காணப்படுவதன்று. கருவி சிறிதே நகர்ந்தாலும் படத்தில் நரம்பணுவின் இடம் மாறித் தோன்றும். இரு நாள் படங்களில் உள்ள புள்ளிகள் ஒரே நரம்பணுவைச் சார்ந்தவையா என்பதை இடம், வடிவம் ஆகியவற்றின் ஒப்புமை கொண்டு நிகழ்தகவாக மதிப்பிடும் முறைகள் 2017 முதல் வழக்கில் உள்ளன. அம்மதிப்பீடு தவறினால், மாறாத நரம்பணு மாறியதாகத் தோன்றும். ஆதலின் 'ஒத்த பாட்டு' எனவும், 'ஒன்றே எனக் கணிக்கப்பட்ட நரம்பணு' எனவும் முதலில் விளக்கிவிட்டு, அதன்பின் 'அதே' என ஆள்வது தெளிவு தரும்.

7. 'ட்ரிஃப்ட்': ஒரு சொல், இரு பொருள்

ஸிவ் முதலியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சுண்டெலிகள் பழகிய தடத்தில் ஓடுகையில் ஹிப்போகேம்பஸின் இட நரம்பணுக்கள் 45 நாள் வரை பின்தொடரப்பட்டன. எந்த இரு நாள்களை எடுத்துக்கொண்டாலும் இடத்தைக் குறித்த நரம்பணுக்களுள் இரு நாளுக்கும் பொதுவானவை 15 முதல் 25 விழுக்காடே. எனினும் மீண்டும் தோன்றிய நரம்பணு முன்னர்க் குறித்த இடத்தையே குறித்தது. இடம் பற்றிய செய்தி வாரக்கணக்கில் நிலைத்திருக்க அச்சிறு பகுதியே போதுமானதாக இருந்தது.

இவ்வாறு குறிக்கும் நரம்பணுக்கள் நாளடைவில் மாறுவதைக் குறிக்க ஆங்கிலத்தில் 'ட்ரிஃப்ட்' என்னும் சொல் வழங்குகிறது. படம் தன் இடத்திலிருந்து மெல்ல நகர்வதற்கும் அதே சொல்லே ஆளப்படுகிறது. முன்னது மூளையின் இயல்பு பற்றிய கருத்து. பின்னது கருவியின் குறை. இரண்டையும் 'நகர்வு' என்றே பெயர்த்தால், குறையும் கண்டுபிடிப்பும் ஒன்றாகிவிடும். பின்னதைப் 'படிம நகர்வு' என்றும், முன்னதைக் 'குறியீட்டுப் பெயர்வு' என்றும் வேறுபடுத்தலாம். மூலமொழியில் ஒரு சொல் இருப்பதாலேயே தமிழிலும் ஒரு சொல்தான் இருக்க வேண்டும் என்னும் நியதி இல்லை.

இவ்வேறுபாட்டின் தேவையை லிபெர்ட்டி, யார்ட்செவ் முதலியோர் 2022இல் வெளியிட்ட வௌவால் ஆய்வு மேலும் வலியுறுத்துகிறது. தடையின்றிப் பறக்கும் வௌவால்களின் தலையில் கம்பியில்லாக் கருவியைப் பொருத்தி ஹிப்போகேம்பஸை நோக்கியபோது, பறக்கும் பாதை மாறாதிருந்த அளவுக்கு நரம்பணுக் குறியீடும் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நிலைத்திருந்தது. நடத்தையில் ஏற்படும் சிறு மாற்றங்களும் குறியீட்டுப் பெயர்வு போலத் தோன்றக்கூடும் என்பது இதனால் தெரியவந்தது. ஆகவே 'மாறியது' என்னும் ஒரு வினைக்குக் கருவி, கணிப்பு, நடத்தை, மூளை என நான்கு எழுவாய்கள் இருக்கக்கூடும். எழுவாயை விட்டு எழுதுவதைத் தமிழ்த் தொடரமைப்பு எளிதில் ஏற்கும். இத்துறை பற்றிய எழுத்தில் அவ்வசதியைத் தவிர்ப்பது நன்று.

8. வினைமுடிபுகள்

மேற்கண்ட நான்கு படிநிலைகளையும் வேறுபடுத்தத் தமிழில் போதிய வினைகள் உள்ளன. ஒளிர்வைக் கூறுமிடத்துப் 'பதிவாயிற்று', 'அளக்கப்பட்டது' என்பனவும், கால்சியத்தையும் மின்துடிப்பையும் கூறுமிடத்து 'உய்த்துணரப்பட்டது', 'கணிக்கப்பட்டது' என்பனவும், நினைவு முதலியவற்றைக் கூறுமிடத்துக் 'கருதப்படுகிறது', 'எனக் கொள்ள இடமுண்டு' என்பனவும் பொருந்தும்.

'படம்பிடி' என்னும் வினை இரண்டாம் வேற்றுமை ஏற்ற செயப்படுபொருளைக் கண்ணுக்குப் புலனாகும் பொருளாக ஆக்கிவிடுகிறது. 'மூளைச் செயற்பாட்டைப் படம்பிடித்தல்' என்பது தலைப்புக்குச் சுருக்கமானது. ஆனால் கட்டுரையின் உள்ளே 'மூளைச் செயற்பாட்டைக் காட்டும் உடனொளிர்வைப் படம்பிடித்தல்' என ஒருமுறையேனும் விரித்தெழுதுதல் வேண்டும்.

ஆங்கில ஆய்வுரைகளில் மிகுதியாக வரும் 'சஜஸ்ட்' என்னும் வினையைப் 'பரிந்துரைக்கிறது' எனப் பெயர்ப்பதை இங்குச் சுட்டுதல் வேண்டும். 'நினைவுகள் பிணைகின்றன என இவ்வாய்வு பரிந்துரைக்கிறது' என்பதில் ஐயத்தோடு கூடிய ஒரு கருத்து அறிவுரையாக மாறிவிடுகிறது. 'எனக் கருத இவ்வாய்வு இடந்தருகிறது' என்பதே மூலத்தின் உறுதியளவைப் பேணுவது. அவ்வாறே 'இதனோடு இயைந்துள்ளது' என்பதை 'இதனை நிறுவுகிறது' என வலுப்படுத்துதலும் தவிர்க்கத்தக்கது. எச்.வி.சி. பற்றிய இரு முடிவுகளையும் 'நிறுவின' என எழுதினால், ஒன்றையொன்று மறுக்கும் இரு உண்மைகள் படிப்பவர்முன் நிற்கும். 'அறிவித்தது' என எழுதினால் ஆய்வு இன்னும் தொடர்கிறது என்பது விளங்கும்.

9. முடிவுரை

தலைமேல் நுண்ணோக்கி, திரியும் விலங்கின் மூளையில் பல நூறு நரம்பணுக்களை நாள்கணக்கில் பின்தொடர உதவும் அரிய கருவி. அது பதிவு செய்வது, நீல ஒளிக்கு விடையாகப் புரதம் ஒன்று வெளியிடும் பச்சை ஒளியை. அவ்வொளியிலிருந்து நினைவுக்குச் செல்லும் வழியில் கால்சியம், மின்துடிப்பு, நரம்பணுவின் ஒருமை, நடத்தை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டியவை. அறிஞரிடையே எழும் கருத்து வேறுபாடுகளும் இவ்விடங்களிலேயே தோன்றுகின்றன.

எலி, சுண்டெலி என வேறுபடுத்துதல், 'அணிதல்' என்பதைத் தவிர்த்துப் 'பொருத்துதல்' எனல், 'அதே' என்பதன் இரு பொருளையும் பிரித்தல், படிம நகர்வையும் குறியீட்டுப் பெயர்வையும் வேறுபடுத்தல், படிநிலைக்கேற்ப வினைமுடிபை அமைத்தல் ஆகிய ஐந்தும் புதிய கலைச்சொற்கள் பலவற்றை வேண்டுவன அல்ல. பெரும்பாலும் வழக்கிலுள்ள சொற்களைப் பொருளறிந்து ஆள்வதனாலேயே இவை கைகூடும். ஓர் ஆய்வு எந்தப் படி வரை சென்றுள்ளது என்பதை மொழிபெயர்ப்பாளர் முதலில் தமக்குத்தாமே வரையறுத்துக்கொண்டு, அப்படிக்குரிய வினையைத் தெரிவு செய்வாராயின், தமிழில் படிப்பவரும் அவ்வாய்வை அதற்குரிய அளவோடு அறிந்துகொள்வர்.